12 வாரம், 96 வெள்ளி, ஓர் ‘ஐம்பது வயதுத் தோள்’: சமூக மன்றத்து ச்சிகுங் வகுப்பு எப்படி?

போன வருடம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை. வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தால் தோளில் யாரோ ஆணி அடித்த மாதிரி வலி. மகளைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே மாட்டிவிட்டு, “அம்மா, உனக்கு வயசாகுது” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது 48.

தோள் மட்டும் என்றால் பரவாயில்லை. மாதவிடாய் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் காணாமல் போகும், வந்தால் பதினோரு நாள் நிற்காது. ராத்திரி மூன்று மணிக்கு உள்ளேயிருந்து அடுப்பு பற்றவைத்தது போல ஒரு வெக்கை எழும்பும், கழுத்தெல்லாம் நனைந்துபோகும், நான் ஏர்கானை 20க்கு இறக்குவேன், வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போர்வையை இழுத்துக்கொண்டு 25க்கு ஏற்றுவார், இப்படியே விடிந்துவிடும். அதைவிட மோசம் கோபம். கரண்டி கீழே விழுந்தால் கோபம், மின்தூக்கி தாமதமானால் கோபம், அப்புறம் கோபப்பட்டதற்காக ஒரு அழுகை. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் தோளைத் திருப்பிப் பார்த்து ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள்மூட்டு உறைந்து இறுகிவிட்டது என்றார், பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார், மற்றதெல்லாம் மாதவிடாய் நிற்கப்போகிற இந்த வயதுக்கு வருவதுதான் என்று சொல்லி, தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை பற்றிப் பேசலாம் என்றார்.

மருந்தகத்திலிருந்து திரும்பி வரும்போதுதான் இங்கே சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் சமூக மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். ச்சிகுங், அதாவது மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி: சனிக்கிழமை காலை 8 முதல் 9 வரை, 12 வாரம், 96 வெள்ளி. ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி. காப்பிக்கடையில் ஒரு மீன் பிரியாணி விலை.

மதிப்பீடு கேட்டு வந்தவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பையும் விடாமல் போனேன், முடிந்ததும் திரும்பவும் சேர்ந்துவிட்டேன், இப்போது மூன்றாவது சுற்று. ஆனால் வெக்கை குறையும் என்று எண்ணி யாரும் இதில் சேர வேண்டாம். எனக்குக் குறையவில்லை. வேறு சில விஷயங்கள் நடந்தன, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடம் ஒன்றும் பெரிதாக இல்லை. முதல் மாடியில் ஒரு கூடம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மூலையில் சிங்க நடனத் தலை ஒன்று பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருக்கும், பக்கத்து அறையில் அதே நேரத்தில் சின்னப் பிள்ளைகளின் டேக்வாண்டோ. நாங்கள் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே இருபது குரல்கள் சேர்ந்து ‘ஹாய்யா’ என்று கத்தும். மொத்தம் 22 பேர், பதினேழு பெண்கள், ஐந்து அங்கிள். வயதில் நான் கடைசியிலிருந்து இரண்டாவது, அதுவே முதல் நாள் ஒரு சந்தோஷம். இந்திய முகம் நான் ஒருத்திதான்.

சொல்லித் தருபவர் எழுபதைத் தாண்டிய அம்மா. எல்லோரும் ‘லாவ்ஷீ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆசிரியர் என்று அர்த்தம். வெள்ளைச் சட்டை, துணிக்காலணி, வெட்டிவிட்ட நரைமுடி. முழுக்க மாண்டரினில்தான் பேசுவார், நடுநடுவே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வார்த்தை விழும். இது எனக்குப் பெரிய தடையாக இருக்கும் என்று பயந்தேன். இல்லை. இரண்டாவது வாரத்திலேயே நான்கு சொற்கள் பிடிபட்டுவிட்டன: ‘ஸீ ச்சி’ என்றால் மூச்சை இழு, ‘ஹூ ச்சி’ என்றால் விடு, ‘மான் மான்’ என்றால் மெதுவாக, மெதுவாக. நான்காவது ‘ஃபாங் சோங்’. தளர்த்து, விட்டுவிடு. ஒரு வகுப்பில் இதை முப்பது தடவையாவது சொல்வார். என்னைப் பார்த்துத்தான் அதில் பாதி. முதல் நாள் என் பின்னால் வந்து நின்று, என் இரண்டு தோளிலும் இரண்டு விரலை வைத்து லேசாகக் கீழே அழுத்தினார். காதுக்குப் பக்கத்தில் இருந்த தோள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின. அவ்வளவு மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் நடந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கற்றுக் கொடுப்பது ‘பா துவான் ஜின்’ என்கிற தொகுப்பு. எட்டுத் துண்டுச் சரிகைப் பட்டு என்று பொருள் சொல்லலாம், நம் ஆட்களுக்குப் பட்டு என்றால் உடனே புரியும். எட்டே எட்டு அசைவுகள். முழுதாகச் செய்ய 12 நிமிடம் ஆகும், அதற்கென்று ஒரு இசை இருக்கிறது, ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். ஒரு மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் மூட்டுகளை உருட்டுவது, அப்புறம் அன்றைக்குரிய ஒரு அசைவைப் பிரித்துப் பிரித்துச் செய்வது, கடைசியில் எட்டையும் சேர்த்து இரண்டு தடவை. பாய் வேண்டாம், கருவி வேண்டாம், தரையில் படுக்க வேண்டாம். வேர்க்காது என்று நினைத்துப் போனவள் நான். முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நின்று வில்லை இழுக்கிற இரண்டாவது அசைவில், நான்காவது முறையிலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் 74 வயது அங்கிள் ஆடாமல் அசையாமல் கழுகைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

அசைவுகளின் பெயர்களே ஒரு ரசனை. முதலாவது, இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது. நான்காவது, கழுத்தை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, அதன் பெயரில் ஐந்து அயர்ச்சிகளும் ஏழு காயங்களும் வருகின்றன, அந்தக் கணக்கில் என்னென்ன சேரும் என்று பக்கத்து ஆண்ட்டியிடம் கேட்டதற்கு, “கணவர், பிள்ளை, மாமியார்… ஐந்து வந்துவிட்டதா?” என்றார். ஐந்தாவது அசைவு தலையையும் இடுப்பையும் ஆட்டி ‘இதயத்து நெருப்பை’ வெளியேற்றுவது. அந்தப் பெயரைக் கேட்டதும் இதுதான் நமக்கானது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்றால் குதிரை நிலையில். அந்த அசைவு நடந்துகொண்டிருக்கும்போதே எனக்கு வெக்கை வந்து முகம் சிவந்து ஓரமாகப் போய் நின்றது வேறு கதை.

எனக்குப் பிடித்தது ஏழாவது. முட்டியை மடக்கி நின்று, கையை முஷ்டி பிடித்து மெதுவாக முன்னால் குத்த வேண்டும், கண்ணை உருட்டி முறைக்க வேண்டும். முறைப்பது நம் விருப்பத்துக்கு விட்டது இல்லை, அது அசைவின் ஒரு பகுதி. பெயரிலேயே கோபக் கண் இருக்கிறது. நான் வழக்கம்போலப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே குத்தினேன். லாவ்ஷீ இசையை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்று, ஒரு முறை முறைத்தார் பாருங்கள், பின்வரிசையில் இருந்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். அப்படி என்று சைகை காட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து வாரம் ஒரு தடவை, ஒரு கூடம் நிறைய பெண்கள் கண்ணாடியைப் பார்த்து விழியை உருட்டி முறைத்துக்கொண்டு நிற்கிறோம், யாரும் யாரையும் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பதில்லை. ஐம்பதை ஒட்டிய பெண்ணின் கோபத்துக்கு இவ்வளவு மரியாதையான இடம் வேறெங்கும் பார்த்ததில்லை.

எட்டாவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் சொல்ல மாட்டார்கள். குதிகாலை உயர்த்தி ‘டக்’ என்று தரையில் போட வேண்டும், ஏழு தடவை. பெயர்ப்படி இதில் நூறு நோய் ஓடிவிடும். மூன்றாவது ‘டக்’கிலேயே எனக்குக் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிட்டது. இரண்டு பிரசவம் ஆன உடம்பு, வேறென்ன. வெட்கத்தில் அடுத்த வாரம் போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது. பிசியோவிடம் சொன்னபோது அவர் சாதாரணமாக, இடுப்படித் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்றைச் சொல்லித் தந்தார், குதிகாலை மெதுவாக இறக்குங்கள், அதிர வேண்டாம் என்றார். வகுப்பில் இது பற்றி ஒரு பேச்சும் இல்லை. பதினேழு பெண்கள் இருக்கிற வகுப்பில் இதைச் சொல்லாதது குறைதான்.

இப்போது தோள் விஷயம். மூன்றாவது வாரம், வானத்தைத் தாங்கும்போது என் வலது கை மட்டும் காதுவரைகூட வராமல் நிற்பதைப் பார்த்து லாவ்ஷீ சிரித்தார். ‘வூ ஷி ஜியன்’ என்றார். பக்கத்து ஆண்ட்டி மொழிபெயர்த்தார்: ஐம்பது தோள். அதாவது இந்தப் பிடிப்புக்குச் சீனத்தில் பெயரே ‘ஐம்பது வயதுத் தோள்’ தானாம். நான் ஏதோ எனக்கு மட்டும் வந்த வினை என்று நினைத்துக்கொண்டிருக்க, ஒரு மொழியே அதற்குப் பிறந்தநாள் குறித்து வைத்திருக்கிறது. 40க்கும் 60க்கும் இடையில்தான் இது அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு, சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கூடத்தில் யாருக்கெல்லாம் வந்தது என்று லாவ்ஷீ கேட்டார். ஏழு கைகள் உயர்ந்தன, எல்லாம் நன்றாகவே உயர்ந்தன. அதைப் பார்த்ததில் வந்த தெம்பு எந்த மாத்திரையிலும் வரவில்லை.

இப்போது கொக்கியை நானே மாட்டுகிறேன். அது ச்சிகுங்கால்தானா? சத்தியம் செய்ய மாட்டேன். இந்தப் பிடிப்பு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பெரும்பாலும் தானாகவே இளகும், நடுவே பிசியோவும் செய்தேன். ஆனால் பிசியோ கொடுத்த தாளை நான் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டிவைத்துத் தினமும் பார்த்துவிட்டுப் போனவள். கையைத் தினமும் தூக்க வைத்தது அந்த 12 நிமிட இசைதான்.

‘ச்சி’ என்றால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். உடம்புக்குள் ஓடுகிற உயிர்க்காற்று, நம் ஊரில் பிராணன், வாயு என்பதற்குப் பக்கத்தில் வரும். ‘குங்’ என்றால் உழைத்துப் பெறும் தேர்ச்சி. ஒரு நாள் லாவ்ஷீ வெள்ளைப் பலகையில் ‘ச்சி’யின் சீன எழுத்தைப் பழைய முறையில் எழுதிக் காட்டினார். மேலே ஆவி, கீழே அரிசி. இந்த ஊரில் இப்போது எழுதுகிற சுருக்க வடிவத்தில் அரிசியை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெருமூச்சும் விட்டார். சோற்றுப் பானை மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது. அப்படி ஒன்று என் நரம்பில் ஓடுகிறதா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளங்கை கதகதப்பாகிறது, விரல் நுனி துடிக்கிறது, மெதுவாக மூச்சு விட்டுக் கையை அசைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நம்பினால்தான் செய்யலாம் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அது நிம்மதி.

கும்பகோணத்தில் இருக்கும் நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. “நம்ம ஊர்ல இல்லாத யோகாவா அண்ணி?” என்றாள். அவள் வீட்டுக்காரர் உடனே வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார், போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சொல்லிக் கொடுத்ததுதான் இதெல்லாம் என்று. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் சீனாவில் சாங்ஷா பக்கம், மாவாங்துயி என்ற இடத்தில் தோண்டிய ஒரு கல்லறையில் பட்டுத்துணியில் வரைந்த ஓவியம் ஒன்று கிடைத்தது. கி.மு. 168இல் மூடிய கல்லறை. அதில் 44 உருவங்கள், ஆணும் பெண்ணுமாக, கையைத் தூக்கி, குனிந்து, திரும்பி இதே மாதிரி அசைவுகள் செய்கின்றன. போதிதர்மர் காலத்துக்கு அறுநூறு ஆண்டுக்கும் முன்னால். அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலும் 17ஆம் நூற்றாண்டுக்கு முன் இருந்ததற்கு உறுதியான தடயம் இல்லை. மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று வந்தது, அதோடு சரி.

யோகாவை நான் குறை சொல்லவே இல்லை. பத்து வருடம் விட்டுவிட்டுச் செய்திருக்கிறேன். ஆனால் உறைந்த தோளோடு கையை ஊன்றி உடம்பைத் தாங்குகிற ஆசனம் எதுவும் முடியவில்லை, முட்டி போட்டால் வலித்தது, என்னைவிட இருபது வயது குறைந்த பெண்கள் பக்கத்தில் ரப்பர் மாதிரி வளைவதைப் பார்த்தால் மனசும் வலித்தது. இங்கே நின்றுகொண்டே எல்லாம் முடிகிறது. முடியாதவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யத் தருகிறார்கள்.

சரி, வெக்கை. இதைக் கொஞ்சம் படித்தேன், ஏனென்றால் மூன்று மாதம் ஆகியும் மூன்று மணி அடுப்பு அணையவில்லை. வட அமெரிக்காவின் மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் இல்லாத சிகிச்சைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வெக்கையைக் குறைக்கப் பரிந்துரைக்க முடியாதவை என்ற பட்டியலில் உடற்பயிற்சி, யோகா, மெதுவாக மூச்சு விடுவது மூன்றுமே இருக்கின்றன. அவை கெடுதல் என்று பொருள் இல்லை, வெக்கைக்கு வேலை செய்வதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான். பலன் தருவதாக அவர்கள் சொல்பவற்றில் மனநலப் பேச்சு சிகிச்சை ஒன்று, மாத்திரைகள் சில. எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது ஹார்மோன் சிகிச்சை, அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆக லாவ்ஷீ மேல் தப்பில்லை, நான்தான் தப்பான கடையில் தப்பான சாமானைத் தேடினேன். வெக்கைக்காக அப்புறம் பெண்கள் மருத்துவரிடம் போனேன், இப்போது பரவாயில்லை. வெக்கை வந்து விழித்தபின் மறுபடி தூங்குவதற்கு மட்டும் ச்சிகுங் உதவியது: முன்பெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாளைய கணக்கைப் போடுவேன், இப்போது எழுந்து கூடத்தில் இருட்டில் நின்று முதல் அசைவை ஆறு தடவை செய்துவிட்டுப் படுத்தால், பல நாள் தூக்கம் வந்துவிடுகிறது.

எலும்புக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிச் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேயும், அதைத் தடுக்க எடை தூக்குவது மாதிரி தசைக்கு வேலை வைக்கிற பயிற்சி வேண்டும், வாரம் இரண்டு நாளாவது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. நான் வீட்டில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து எழுகிறேன். மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், மிரட்டுவதற்கு.

இந்த வகுப்புக்கு நடுவே, ஆர்வக்கோளாறில், நகரத்துப் பக்கம் ஒரு ஆடம்பர நலவாழ்வுக் கூடத்துக்கும் ஒரு தடவை போனேன். பெயர் வேண்டாம். ‘நாற்பதைக் கடந்த பெண்களுக்கான ச்சிகுங்’ என்று விளம்பரம், சோதனை வகுப்பே 58 வெள்ளி. மூங்கில் வாசனை, மங்கிய விளக்கு, வெதுவெதுப்பான துண்டு. ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம்தான் அசைவு. மீதி நேரம் என் கர்ப்பப்பையில் தேங்கிய பழைய சோகம் பற்றிப் பேச்சு. முடிந்ததும் பச்சைக்கல் உருளை, ஏதோ தேநீர், பத்து வகுப்புக்கு 680 வெள்ளி தொகுப்பு. அதுகூட வியாபாரம் என்று விட்டுவிடலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் அதை நிறுத்திவிடலாம் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார் பாருங்கள், அங்கேதான் எழுந்தேன். சீனாவிலேயே இந்த விளையாட்டு நடந்து முடிந்த ஒன்று. 1950களில் லியூ குய்ஜென் என்பவர் இதைச் சுகவாழ்வு இல்லங்களில் வைத்துப் பரப்பினார், ‘ச்சிகுங்’ என்ற சொல் இன்றைய பொருளில் பரவியது அப்போதுதான். 1980களில் ஊரே பைத்தியமாக அலைந்தது, கையை வைத்தாலே நோய் போகும் என்ற குருமார்கள் அரங்கம் நிறைத்தார்கள். அந்த அமளியெல்லாம் அடங்கிய பிறகு, 2003 வாக்கில் சீன அரசின் விளையாட்டுத் துறை பழைய தொகுப்புகள் நான்கை எடுத்து ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. எங்கள் லாவ்ஷீ சொல்லித் தருவது அந்த நான்கில் ஒன்று. நோய் தீரும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால், “டாக்டரைப் பார்” என்பதைத் தெளிவான ஆங்கிலத்தில் சொல்வார்.

காசே கொடுக்காமலும் கற்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் புளோக்குக்குக் கீழேயே காலை ஆறரைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை போனால் ஆற்றோரம் இரண்டு மூன்று கூட்டம் கண்ணில் படும். ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, முன்னால் ஒருவர், பின்னால் யார் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். நானும் இப்போது வாரநாளில் இரண்டு நாள் கீழே இறங்குகிறேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் ஒரு வகுப்புக்குப் போவது நல்லது, ஏனென்றால் கீழே யாரும் திருத்த மாட்டார்கள். முட்டி கால் பெருவிரலைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தாலும், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாலும், நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். லாவ்ஷீ என் முட்டியை மட்டும் ஐந்து வாரம் திருத்தினார்.

வகுப்பில் எனக்குள்ள மற்ற குறைகள்: சேரும்போது உடல்நிலை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறாவது அசைவில் இடுப்பிலிருந்து குனிந்து பாதம் வரை போய் நிமிர வேண்டும், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் கிறுகிறுக்கும், எனக்கு ஒரு தடவை கண்ணில் பூச்சி பறந்தது. நானே இப்போது பாதி வரைதான் குனிகிறேன். 22 பேர் அதிகம், பின்வரிசைக்கு லாவ்ஷீயின் கால் தெரியாது. பொது விடுமுறையில் ஒரு வாரம் போனது, ஈடு வகுப்பு வரவேயில்லை, கேட்டதற்கு முகப்பில் இருந்தவர் ஒரு படிவம் கொடுத்தார், படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இணையத்தில் பதிவு திறந்த இரண்டு நாளில் இடம் தீர்ந்துவிடும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக: மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதம் ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், மூச்சுப் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து ஆண்ட்டி அதை ஆறு மாதம் தள்ளிப்போட்டவர், அவர் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

போகிறவர்கள் தளர்வான பருத்தி உடையில் போங்கள், சுடிதார் போதும், துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், வில்லை இழுக்கும்போது சிக்கும். தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், நான் ஒரு தடவை இரண்டு பரோட்டாவோடு போய்ப் பட்டிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் கீழே காப்பிக்கடைக்குப் போவார்கள், கூப்பிட்டால் போங்கள். வீட்டு நிலவரம், யாருக்கு எந்த மருத்துவர் நன்றாகப் பார்த்தார், எந்தக் கடையில் காலணி மலிவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும், அந்த ஒரு மணி நேரம் கட்டணத்தில் சேராது.

கூடத்தின் வலது மூலையில், சிங்கத் தலைக்குப் பக்கத்தில், ஏர்கான் காற்று நேராக அடிக்கிற ஒரு இடம் இருக்கிறது. அது எனக்கு. அதில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம், ஏழாவது அசைவு எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது.